புதுப்பிப்பு: கண்மாய் ஆய்வுக்கான பல்கலைக்கழக நிதி கிடைத்தது

மேலூர்ப் பக்கத்துக் கண்மாய் ஒன்றில் விவசாயிகளோடு சேர்ந்து நீர்மட்டத்தையும் வண்டல் படிவையும் பதிவுசெய்ய நாங்கள் அனுப்பிய விண்ணப்பம், எங்களோடு இணைந்த பங்குதாரர் அமைப்புக்குச் சட்டப்படி பதிவு இல்லையென்று திரும்பியதைச் சொல்லி முன்பு வழி கேட்டிருந்தேன். பதிலளித்த அனைவருக்கும் நன்றி.

பதிவுக்காக அறக்கட்டளை தொடங்கும் யோசனையைக் காலதாமதம் கருதி விட்டுவிட்டோம். பலன் தந்தது, 2000-ஆம் ஆண்டின் தமிழ்நாடு விவசாயிகள் பாசன அமைப்புகள் மேலாண்மைச் சட்டத்தின்கீழ் அமைந்த நீரைப் பயன்படுத்துவோர் சங்கத்தையே இணை விண்ணப்பதாரராகச் சேர்க்கலாம் என்ற ஆலோசனைதான். சங்கத்தின் தீர்மான நகலையும், யாருக்கு எந்தப் பொறுப்பு என்று தெளிவாக எழுதிய புரிந்துணர்வு ஒப்பந்தத்தையும் இணைத்ததும் ஒப்புதல் வந்தது.

எதிர்பாராத சிக்கல் ஒன்று: மடை திறந்து அடைக்கும் நீர்பாய்ச்சிக்கு ஊதியம் தர நிதித்திட்டத்தில் செலவுத் தலைப்பே இல்லை, ஆலோசகர் என்றால் பட்டம் கேட்டார்கள். எந்த மடையில் எப்போது எவ்வளவு தண்ணீர் போகும் என்பதை அவரைவிட அறிந்தவர் எங்கள் குழுவில் இல்லை என்பதால் வாதாடி, களப்பணி மதிப்பூதியத்தில் சேர்த்தோம். இனி விண்ணப்பிப்பவர்கள் இதை முதலிலேயே எழுதிவிடுங்கள். இரண்டாம் தவணைக்கு முதல் தவணைப் பணம் எதற்குச் செலவானது என்று காட்டும் பயன்பாட்டுச் சான்றிதழ் தேவை. ஆகவே கூலி ரசீதுகளை அன்றன்றே வாங்கி வைக்கவும்.