"வழுவழு எண்" வேண்டாம்: "வரம்புள் எண்" என்றொரு முன்மொழிவு

அன்புள்ள கலைச்சொல் குழுவினருக்கு,

முதன்மை (பகா) காரணிகள் எல்லாமே சிறியவையாக அமைந்த எண்ணுக்கு, அதாவது ஆங்கிலத்தில் smooth number எனப்படுவதற்கு, "வழுவழு எண்" என்ற சொல் ஏறக்குறைய முடிவாகிவிட்டது போலத் தெரிகிறது. எனக்கு உடன்பாடில்லை. 'வழு' என்றால் பிழை; கணினித் துறையினரும் மென்பொருள் பிழைக்கு அதையே வைத்திருக்கிறார்கள். இலங்கைப் பாடநூல்களில் அடுக்குக்கு 'வலு' என்று பெயர். "2இன் வலு ஒரு வழுவழு எண்" என்று ஹட்டனில் ஒரு வகுப்பறையில் சொல்லிப் பாருங்கள், பிள்ளைகள் அன்றைக்குப் பாடம் படிக்க மாட்டார்கள்.

அந்த வாக்கியம் சொல்லும் கணிதம் என்னவோ அழகானதுதான். 2இன் 67ஆம் வலுவுக்கு 2ஐத் தவிர வேறு முதன்மைக் காரணி இல்லை. அதிலிருந்து 1ஐக் கழித்தால் 147,573,952,589,676,412,927. 1644இல் பிரெஞ்சுத் துறவியும் கணித அறிஞருமான மெர்சென் இதை முதன்மை எண் என்று பட்டியலிட்டார். அது முதன்மை எண் அல்ல என்று 1876இல் பிரெஞ்சுக் கணித அறிஞர் லூக்கா நிறுவினார். ஆனால் ஒரு காரணியைக்கூடக் காட்டவில்லை. 1903இல் அமெரிக்கக் கணித அறிஞர் கோல் காட்டினார்: 193,707,721 × 761,838,257,287. இந்தப் பக்கம் சின்னஞ்சிறு 2, அந்தப் பக்கம் பத்தொன்பது கோடிக்குக் குறைந்த முதன்மைக் காரணியே கிடையாது!

இன்னும் ஒரு படி இறங்குங்கள். 193,707,721இல் 1ஐக் கழித்தால் 2³ × 3³ × 5 × 67 × 2677. மறுபடியும் எல்லாம் சிறியவை. 1974இல் கணித அறிஞர் பொலார்ட் தந்த காரணி தேடும் முறை, 1ஐக் கழித்ததும் இப்படிச் சிறியவையாகச் சிதறும் காரணிகளைத்தான் பிடிக்கிறது. கோல் பல ஆண்டு ஞாயிற்றுக்கிழமைகளைச் செலவழித்த வேலை, அந்த முறையில் கணினிக்குக் கண்சிமிட்டும் நேரம்.

ஆகவே "சிறுகாரணி எண்" என்று முன்மொழிகிறேன்.

ஹட்டனிலிருந்து

—

ஐயா, வழுவழுவை விரட்டியதற்கு நன்றி. ஆனால் "சிறுகாரணி எண்" தவறான பொருள் தரும். கோலின் பெரிய காரணியை இரண்டால் பெருக்குங்கள்: 2 என்ற சிறுகாரணி அதற்கும் உண்டு, ஆனால் நாம் தேடும் வகை அல்ல. தேயிலைத் தொழிற்சாலையில் சல்லடைக்கு மேலே ஒரு காம்பு நின்றாலும் முழுவதும் சலிந்ததாகச் சொல்ல மாட்டார்கள் அல்லவா? எல்லாக் காரணிகளும் இறங்கியாக வேண்டும். அதனால் "சலிப்பெண்" என்று முதலில் நினைத்தேன். கணிதம் ஏற்கெனவே சலிப்பு என்பவர்களுக்கு நாமே வாய்ப்புக் கொடுப்பானேன்? விட்டுவிட்டேன்.

எந்த அளவு வரை சிறியது என்பதைச் சொல்லாமல் இந்தக் கருத்தே இல்லை. அந்த அளவு பெயரிலேயே இருக்கட்டும்: "2677-வரம்புள் எண்". 'எல்லை' நுண்கணிதத்துக்குப் போய்விட்டது; 'வரம்பு' மிச்சம் இருக்கிறது.

பண்டாரவளையிலிருந்து

—

பண்டாரவளை ஆசிரியை அவர்களுக்கு, என் சொல்லை மீளப் பெறுகிறேன். உங்கள் சொல்லில் இன்னொரு வசதியும் உண்டு. கோலின் பெரிய காரணியில் 1ஐக் கழித்தால் 2 × 3² × 29 × 67 × 2551 × 8539. அது 8539-வரம்புள் எண், ஆனால் 2677-வரம்புள் எண் அல்ல. பொலார்ட் முறையில் எந்த அளவு வரை தேடுவது என்று நாமே ஒரு வரம்பு வைக்கிறோம்; அதை 2677க்கும் 8539க்கும் இடையில் வைத்தால் சிறிய காரணி மட்டும் சிக்கும், இரண்டும் பிரிந்துவிடும். வகுப்பில் இதை ஒரே வரியில் சொல்லிவிடலாம்.

தமிழ்நாட்டு நண்பர்கள் முதன்மை எண்ணைப் பகா எண் என்று மாற்றிக்கொள்ளட்டும். சொற்பட்டியலுக்கான வரையறை:

n-வரம்புள் எண்: nஐ விடப் பெரிய முதன்மைக் காரணி எதுவும் இல்லாத நேர் முழுவெண். 1உம் இதில் அடங்கும்.

ஹட்டனிலிருந்து