பெட்ரீஷியா ரவுட்லெட்ஜ்: ஹயசிந்த் அவரை உயர்த்தினாளா, மறைத்தாளா?

வாசல்திண்ணை

2025 அக்டோபர் 3 அன்று பிரிட்டிஷ் நடிகை பெட்ரீஷியா ரவுட்லெட்ஜ் 96 வயதில் காலமானார். அதற்குப் பிறகு என் கண்ணில் பட்ட அஞ்சலிகள் எல்லாவற்றிலும் ஒரே முகம்தான்: பூப்போட்ட உடை, தொப்பி, கையில் தொலைபேசி. 'கீப்பிங் அப் அப்பியரன்சஸ்' என்ற பிபிசி நகைச்சுவைத் தொடரின் நாயகி ஹயசிந்த். எனக்கு இது கோபத்தையே வரவழைக்கிறது. 1952இல் லிவர்பூல் பிளேஹவுஸில் மேடை ஏறியவர், 1968இல் நியூயார்க்கின் நாடக உலகமான பிராட்வேயில், அமெரிக்க மேடை விருதான டோனி வாங்கியவர், 1988இல் 'கேண்டீட்' இசை நாடகத்துக்காக பிரிட்டிஷ் மேடை விருதான ஒலிவியே வாங்கியவர். ஸ்ட்ராட்ஃபோர்டில் ராயல் ஷேக்ஸ்பியர் நிறுவனத்தில் 'மூன்றாம் ரிச்சர்ட்' நாடகத்தின் மார்கரெட் அரசியாக நின்றவர். 1990இல் தொடங்கி 1995இல் முடிந்த ஒரு நகைச்சுவைத் தொடர், அதுவும் வெறும் 44 பகுதிகள், இத்தனையையும் விழுங்கிவிட்டது. ஒரு பெரிய மேடை நடிகைக்குத் தொலைக்காட்சி செய்த அநியாயம் என்றுதான் இதை நான் சொல்வேன். மாற்றுக் கருத்து இருப்பவர்கள் சொல்லுங்கள்.

மூன்றாம்மணி

எனக்கு இருக்கிறது. முதலில் வயதைப் பாருங்கள். அவர் பிறந்தது 1929 பிப்ரவரி. ஹயசிந்த் தொடங்கும்போது 61 முடிந்துவிட்டது. அந்த வயதில் ஒரு பெண்ணை நடுவில் வைத்து, அவளைச் சுற்றியே மற்ற எல்லாரும் ஓடுகிற மாதிரி ஒரு தொடரை எத்தனை பேருக்குக் கொடுத்தார்கள்? அதை வாங்கி, ஒவ்வொரு காட்சியிலும் தன் முழு பலத்தையும் இறக்கினார். பிபிசி வெளிநாடுகளுக்கு அதிகம் விற்ற தொடர்களில் அது முன்வரிசையில் இருக்கிறது. இதை அநியாயம் என்றால் எனக்குப் புரியவில்லை அண்ணா. லண்டன் நாடக அரங்குக்குப் போக வசதியில்லாத கோடிக்கணக்கான பேர் ஒரு தேர்ந்த மேடை நடிகையை வீட்டிலிருந்தே பார்த்தார்கள், அவ்வளவுதான் நடந்தது.

வாசல்திண்ணை

பார்த்தது மேடை நடிகையை இல்லை, ஹயசிந்தை. இரண்டும் ஒன்றில்லை. தன் ஏழைப் பின்னணியை மறைத்துக்கொண்டு பெரிய இடத்துப் பெண்மணி போல நடிக்கிற ஒருத்தி, அவளிடம் மாட்டிக்கொண்டு தவிக்கும் கணவர் ரிச்சர்ட், அவளைக் கண்டாலே கை நடுங்கிக் காப்பிக் கோப்பையைத் தவறவிடும் பக்கத்து வீட்டு எலிசபெத். வாரா வாரம் இதேதான். 'டார்லிங் ஆஃப் தி டே' என்ற பிராட்வே இசை நாடகத்துக்கு டோனி கிடைத்த கதை எத்தனை பேருக்குத் தெரியும்? ஜூல் ஸ்டைன் இசை, வின்சென்ட் பிரைஸ் கதாநாயகன், 1968 ஜனவரி கடைசியில் தொடங்கி பிப்ரவரியிலேயே மூடிவிட்டார்கள். நாடகம் படுத்த பிறகும், சிறந்த இசை நாடக நடிகைக்கான விருது அவருக்குக் கிடைத்தது (லெஸ்லி அகம்ஸுடன் பகிர்ந்துகொண்டார்). ஓடாத நாடகத்துக்கு விருது கொடுக்கிற அளவுக்கு என்ன செய்திருப்பார் என்று யோசித்துப் பாருங்கள்.

இசைவாணி_ஈஸ்ட்ஹாம்

நான் பாட்டு சொல்லிக்கொடுப்பவள். அந்தப் பக்கத்திலிருந்து ஒன்று சொல்கிறேன். ஹயசிந்த் பாடுவாள், ஞாபகம் இருக்கிறதா? எலிசபெத்தின் தம்பி எமெட் வீட்டை விட்டு வெளியே வரவே பயப்படுவான், எங்கே இவள் பார்த்துவிட்டால் பாட ஆரம்பித்துவிடுவாளோ என்று. அந்தப் பாட்டு அபஸ்வரம் இல்லை. கவனித்துக் கேளுங்கள். குரல் பெரியது, மூச்சு கையில் இருக்கிறது, ஆனால் அதிர்வை அளவுக்கு மீறித் தள்ளி, தன்னையே மெச்சிக்கொள்ளும் ஒருத்தியின் குரலாக்கிவிடுகிறார். பயிற்சி இல்லாதவரால் இப்படிப் பாட முடியாது, தொண்டை கட்டிப்போகும். வாசல்திண்ணை அண்ணா சொல்கிற அந்த இசை நாடக வருடங்கள் எல்லாம் இந்தக் காட்சிகளுக்குள்தான் இருக்கின்றன. பிராட்வேயில் நின்ற அதே தொண்டைதான் எமெட்டை ஓடவிடுகிறது.

வாசல்திண்ணை

அக்கா, நீங்கள் சொல்வது சரி. என் வருத்தமே அதுதான். அந்தக் குரலை நேராகக் கேட்க என்ன இருக்கிறது? 1976இல் லெனர்ட் பெர்ன்ஸ்டைன் இசையமைத்த '1600 பென்சில்வேனியா அவென்யூ' இசை நாடகத்தில் வரும் அமெரிக்க ஜனாதிபதிகளின் மனைவியர் அத்தனை பேராகவும் இவர் ஒருவரே நடித்தார். அதில் ஒரு பாட்டில் பதவியை விட்டுப் போகிறவரின் மனைவியும் பதவிக்கு வருகிறவரின் மனைவியும் மாறி மாறிப் பாட வேண்டும். இரண்டு பேரும் இவரே, ஒரே பாட்டுக்குள். ஏழே காட்சிகளில் நாடகம் மூடப்பட்டது. நாடகக் குழுவின் இசைத்தட்டுகூட வெளிவரவில்லை. நியூயார்க்கில் அந்த ஏழு காட்சிகளில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு மட்டும் தெரிந்த ஒரு பெட்ரீஷியா ரவுட்லெட்ஜ் இருக்கிறார். நமக்கு ஹயசிந்த் மட்டும்.

மூன்றாம்மணி

அது மேடையின் இயல்பு. தொலைக்காட்சி என்ன செய்யும்? பெர்ன்ஸ்டைன் நாடகத்தை மூடியது பிபிசியா? நாடகம் கரைந்துபோகும், பதிவு தங்கும். பதிவு தங்கியதற்காகப் பதிவின் மேல் கோபப்படுகிறீர்கள்.

பழையரேடியோ

இரண்டு பேரும் விட்டுவிட்ட ஒன்றைச் சொல்கிறேன். அவருடைய உச்சம் ஹயசிந்தும் இல்லை, பிராட்வேயும் இல்லை. நாடகாசிரியர் ஆலன் பென்னெட் தொலைக்காட்சிக்கு எழுதிய தனிமொழிகள். 1982இல் 'எ வுமன் ஆஃப் நோ இம்பார்ட்டன்ஸ்'. கேமராவைப் பார்த்து ஒருத்தி பேசிக்கொண்டே இருக்கிறாள், வேறு நடிகர்கள் யாரும் கிடையாது. அப்புறம் 1988இல் 'டாக்கிங் ஹெட்ஸ்' வரிசையில் 'எ லேடி ஆஃப் லெட்டர்ஸ்'. ஐரீன் ரடக் என்ற தனிமைப் பெண். எல்லாருக்கும் புகார்க் கடிதம் எழுதுவாள். ஜன்னல் வழியே எதிர்வீட்டுத் தம்பதியைப் பார்த்து, பிள்ளையை வீட்டில் விட்டுவிட்டு ஊர் சுற்றுகிறார்கள் என்று முடிவு கட்டுவாள். உண்மையில் அந்தப் பிள்ளை ஆஸ்பத்திரியில் செத்துக்கொண்டிருக்கிறது. அது தெரியவரும் இடத்தில் ரவுட்லெட்ஜ் அழுவதில்லை, குரலை உயர்த்துவதில்லை. வாய் பேசுவதைத் தொடர்கிறது, கண் மட்டும் நின்றுவிடுகிறது. கடைசியில் ஐரீன் சிறைக்குப் போகிறாள், அங்கேதான் வாழ்க்கையில் முதல்முறையாகச் சிநேகிதிகள் கிடைத்துச் சந்தோஷமாக இருக்கிறாள். அந்தச் சந்தோஷத்தைப் பார்க்கவே வலிக்கும். இதெல்லாம் தொலைக்காட்சிதான் வாசல்திண்ணை, மேடை இல்லை. ஆயிரம் பேர் உட்காரும் அரங்கின் கடைசி வரிசைக்கு அந்தக் கண் தெரியாது.

வாசல்திண்ணை

இதை மறுக்க மாட்டேன். ஐரீன் ரடக் பெரிய வேலை. ஆனால் தெருவில் போகிற ஒருவரை நிறுத்தி ஐரீன் யார் என்று கேளுங்கள். என் சண்டை தொலைக்காட்சியோடு இல்லை என்று வேண்டுமானால் வைத்துக்கொள்வோம். ஒரு பாத்திரம் இத்தனை பெரியதாகிவிட்டால் மீதியைப் பார்க்க யாருக்கும் பொறுமை இருப்பதில்லை, அதோடுதான் சண்டை.

கீழமாடவீதி

எனக்கு வேறு ஒரு சந்தேகம். ஹயசிந்தைப் பார்த்துச் சிரிக்கிறோமே, அது மேலே வர நினைக்கும் எளிய குடும்பத்துப் பெண்ணைப் பரிகாசம் செய்வதுதானே? பனியனோடு திரியும் மைத்துனர் ஆன்ஸ்லோ, வாசலில் பழுதாகிக் கிடக்கும் கார், அதற்குள்ளிருந்து குரைக்கும் நாய், அதைக் கேட்டு இவள் வேலிக்குள் விழுவது. ஏழை வீடு என்றால் குப்பை என்று காட்டுகிறார்கள். இத்தனை திறமையான நடிகை இதற்கு ஏன் ஒத்துக்கொண்டார் என்று தோன்றும்.

மூன்றாம்மணி

ஆன்ஸ்லோவைக் கவனித்துப் பாருங்கள். அந்தத் தொடரில் நிம்மதியாக இருக்கிற ஒரே ஆள் அவர்தான். படிப்பவர், யோசிப்பவர், யாருக்கும் பயப்படாதவர். சிரிப்பு ஏழ்மையின் மேல் இல்லை, அதை மறைக்கப் படும் பாட்டின் மேல். ரவுட்லெட்ஜ் பெர்கன்ஹெட் பக்கம் ட்ரான்மியரில் பிறந்தவர், அப்பா ஆண்களுக்கான துணிக்கடை வைத்திருந்தவர். கடைவாசலில் வந்து நிற்கும் இப்படிப்பட்ட பெண்மணிகளைச் சின்ன வயதிலிருந்தே பார்த்திருப்பார் என்பது என் ஊகம். அதனால்தான் ஹயசிந்த் அவர் கையில் பொம்மையாகவில்லை. வேலிக்குள் விழுந்து எழுந்தவுடன் தொப்பியைச் சரிசெய்கிற அந்தக் கணத்தில் அவள் படும் அவமானம் நிஜம்.

பழையரேடியோ

இன்னொன்று. தொடரை நிறுத்தியதே அவர்தான். பிபிசி மேலும் வேண்டும் என்றது. பழைய யோசனைகளே திரும்ப வருகின்றன, மக்கள் சலிப்பதற்கு முன் போய்விட வேண்டும் என்று நினைத்ததை அவரே நேர்காணல்களில் சொல்லியிருக்கிறார். போன பிறகு சும்மா இருந்தாரா? 1996 முதல் 1998 வரை 'ஹெட்டி வெயின்த்ராப்', லங்காஷயரில் துப்பறியும் ஓய்வூதியக்காரி. 1999இல் ஆஸ்கர் வைல்ட் நாடகத்தின் லேடி பிராக்னெல். எண்பது வயதில், போர்க்காலத்தில் லண்டன் நேஷனல் கேலரியில் மதியக் கச்சேரிகள் நடத்திய பியானோ கலைஞர் மைரா ஹெஸ்ஸாக மேடையில் அமர்ந்து, பக்கத்தில் ஒரு பியானோ கலைஞர் வாசிக்க, அந்த நாட்களின் கதையைச் சொல்லிக்கொண்டு ஊர் ஊராகப் போனார். ஒரு பாத்திரம் விழுங்கிய ஆள் செய்கிற வேலையா இது?

வாசல்திண்ணை

அந்த அரங்குகளுக்கு டிக்கெட் வாங்கியவர்களில் பலர் ஹயசிந்தைப் பார்க்கத்தானே போயிருப்பார்கள்.

இசைவாணி_ஈஸ்ட்ஹாம்

போகட்டுமே அண்ணா. ஹயசிந்தைத் தேடிப் போனவர்கள் மைரா ஹெஸ்ஸின் கதையைக் கேட்டுவிட்டு வந்திருக்கிறார்கள். குண்டு விழுந்துகொண்டிருந்த நகரத்தில் ஷூமனையும் பாக்கையும் வாசித்த ஒரு பெண்ணைப் பற்றித் தெரிந்துகொண்டிருக்கிறார்கள். அந்தக் கூட்டத்தைக் கூட்டிக்கொண்டு வந்தது யார்?

வாசல்திண்ணை

அந்த ஒரு விஷயத்தில் உங்கள் பக்கம் பலமாக இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் அஞ்சலிக் குறிப்பின் முதல் வரியில் 'ஹயசிந்தாக நடித்தவர்' என்று எழுதுவதை என்னால் ஏற்க முடியாது. அறுபது வருடத்துக்கு மேல் உழைத்த ஒருவரை ஐந்து வருட வேலையால் அறிமுகப்படுத்துகிறார்கள்.

மூன்றாம்மணி

தெரிந்த பெயரைச் சொல்லித்தான் தெரியாததைச் சொல்ல முடியும் அண்ணா, நான் எழுதினாலும் அப்படித்தான் தொடங்குவேன். இரண்டாவது வரியில் டோனியையும் பென்னெட்டையும் விட்டால் வாருங்கள், நானும் உங்களோடு சேர்ந்து சண்டை போடுகிறேன்.

வாசல்திண்ணை

முதல் வரிக்காக நான் தொடர்ந்து சண்டை போடுவேன். இதைப் படிக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: 'டார்லிங் ஆஃப் தி டே'யின் நாடகக் குழு இசைத்தட்டு வெளிவந்திருக்கிறது. முதலில் அதைக் கேளுங்கள், பிறகு ஐரீன் ரடக், அதற்குப் பிறகு ஹயசிந்த் எமெட்டைத் துரத்திப் பாடும் ஏதாவது ஒரு பகுதி. இந்த வரிசையில் பார்த்துவிட்டு இங்கே வந்து எழுதுங்கள்.