காரையாற்று வழியில் கருகிய புல்: காட்டுக்குத் தீ வைப்பதும் நம் பாதையை அடைப்பதும் ஏன்?

பாளை நடையன் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். பாளையங்கோட்டையிலிருந்து எங்கள் நடைக்குழுவினர் ஆறு பேர் ஜனவரிக் கடைசியில் பாபநாசம் சோதனைச்சாவடி வழியாகச் சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குப் போயிருந்தோம். முண்டந்துறையைத் தாண்டியதும் சாலையின் ஒரு பக்கத்தில், ஏறத்தாழ முப்பதடி அகலத்துக்கு, கண்ணுக்கெட்டிய தொலைவு வரை புல் கருகிக் கிடந்தது. வண்டி போகும் காற்றுக்கே சாம்பல் எழும்பியது. நடுவில் நின்ற ஒரு வேங்கை மரத்தின் பட்டை முழங்கால் உயரம் வரை கறுத்திருந்தது. காட்டுத்தீதான் வந்து போயிருக்கிறது என்று நினைத்து, அங்கே நின்ற காவலரிடம் கேட்டோம். "நாங்கள்தான் எரித்தோம், தீத்தடுப்புக் கோடு" என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு அடுத்த வண்டியைப் பார்க்கப் போய்விட்டார்.

சாவடியில் எங்கள் பையிலிருந்த தீப்பெட்டியை வாங்கி வைத்துக்கொண்டவர்களே காட்டுக்குள் தீ வைக்கிறார்கள் என்பது எங்களில் சிலருக்குச் சினத்தையும் சிலருக்குச் சிரிப்பையும் வரவழைத்தது. இதோடு சேர்த்து, பிப்ரவரி நடுவிலிருந்து மலையேற்றப் பாதைகளைத் தீக்காலம் என்று சொல்லி அடைத்துவிடுகிறார்கள். 2025-இலும் பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை அப்படித்தான் அடைத்தார்கள். கோடு போட்டு எரித்தால் தீ பரவாது என்றால் பாதையை ஏன் அடைக்க வேண்டும்? பாதையை அடைத்துவிட்டால் கோடு எதற்கு? விவரம் தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றாயிருக்கும்.

களக்காட்டான் எழுதியது:

தம்பி, நான் பத்து ஆண்டுகளுக்கு மேல் களக்காட்டுப் பக்கம் தற்காலிகத் தீக்காவலராக வேலை பார்த்தவன். நீங்கள் பார்த்தது ஒரே நாளில் கொளுத்திவிட்டுப் போனது அன்று. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து புல் பழுக்கத் தொடங்கியதும் முதலில் அரிவாளால் அறுத்துப் போடுவோம். அது சில நாள் காய வேண்டும். ஆனால் சுற்றியுள்ள புல்லில் ஈரம் இருக்க வேண்டும். அந்த இடைவெளியைப் பிடிப்பதில்தான் வேலையே இருக்கிறது. பனி முழுவதும் இறங்காத காலை நேரத்தில், காற்று எழும்புவதற்கு முன்னால், கோட்டின் இரண்டு ஓரங்களிலிருந்தும் உள்நோக்கி எரித்து வருவோம். ஓரத்துக்கு இரண்டு பேர் பச்சைக் குழையோடு நிற்பார்கள்; தீ வெளியே நாக்கை நீட்டினால் அந்தக் குழையால் அடித்து அமுக்குவார்கள். வீசி அடித்தால் பொறி பறந்து அந்தப் பக்கம் விழும் என்பதால், மேலே வைத்து அமுக்கி இழுக்க வேண்டும். இது கைக்குப் பழக எனக்கு ஒரு தீக்காலம் முழுவதும் ஆயிற்று.

கோடு தீயை நிறுத்திவிடும் என்று யாரும் நம்புவதில்லை. நல்ல காற்றில் முப்பதடியை ஒரு பொறி எளிதாகத் தாண்டிவிடும். தீ மூண்ட பிறகு நாம் காலூன்றி நிற்பதற்கு ஓர் இடம் வேண்டுமே, அதற்குத்தான் கோடு. எரிந்து வரும் தீக்கு எதிராக இங்கிருந்து எதிர்த்தீ வைத்து, இரண்டும் நடுவில் சந்தித்து அடங்கும்படி செய்வோம். கோடு இல்லாத காட்டில் எதிர்த்தீ வைத்தால் நம் முதுகுக்குப் பின்னாலும் தீ பிடித்துவிடும்.

இப்போது செயற்கைக்கோள் தகவல் கைப்பேசிக்கே வந்துவிடுகிறது. அதில் ஒரு புள்ளி என்பது தரையில் 375 மீட்டர் சதுரம். அது எந்தச் சரிவு, எந்த ஓடை என்று கண்டுபிடித்து, தண்ணீரையும் சுமந்துகொண்டு இரண்டு மூன்று மணி நேரம் ஏறிப் போய்ச் சேருவதற்குள் தீ புள்ளியைவிட்டு வெகுதூரம் போயிருக்கும். அந்த மூன்று மணி நேரத்தைத்தான் கோடு நமக்கு வாங்கித் தருகிறது.

பாதையை அடைப்பதற்கான காரணம் வேறு. சமதளத்தில் போகும் தீ, சரிவு பத்துப் பாகை கூடும்போது ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகம் பிடிக்கும். இருபது பாகைச் சரிவில் அது நான்கு மடங்கு. மேலே ஏறும்போது நமக்கு வேகம் குறையும், தீக்கு வேகம் கூடும். 2018 மார்ச் 11 அன்று போடி மலையில் குரங்கணிக்கு மேலே நடந்தது இதுதான். காய்ந்த புல் சரிவில் சிக்கியவர்களில் 23 பேர் இறந்தார்கள். நடப்பவர்கள் எல்லாரும் தீ வைப்பவர்கள் என்று நினைத்து யாரும் பாதையை அடைக்கவில்லை. உள்ளே ஆறு பேர் இருக்கிறார்கள் என்று தெரிந்தால், தீயை அணைக்கப் போக வேண்டிய பத்துப் பேரும் அந்த ஆறு பேரைத் தேடத்தான் போவார்கள். அதற்குள் தீ இன்னொரு மடிப்பைத் தாண்டிவிடும்.

பொருநைக்கரையான் எழுதியது:

களக்காட்டு அண்ணாச்சி சொல்வதில் கோட்டைப் பற்றிய பகுதியை முழுமையாக ஏற்கிறேன். பாதை அடைப்பைப் பற்றி மட்டும் எனக்கு மாற்றுக் கருத்து உண்டு. மாநிலம் முழுவதற்கும் ஒரே தேதியை வைப்பது நம் மலைக்குப் பொருந்துவதாகத் தெரியவில்லை. நம் பக்கம் ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பிய பக்கம். மழை பிந்திப் பெய்த ஆண்டில் பிப்ரவரியிலும் முண்டந்துறைப் புல் பச்சையாகவே நிற்கும். மாறாக, ஆனி ஆடியில் மலைக்கு மேற்கே கொட்டித் தீர்க்கும்போது, களக்காடு, திருக்குறுங்குடி, பணகுடி அடிவாரமெல்லாம் வறண்ட காற்றில் காய்ந்து கிடக்கும். அந்த நேரத்தில் நாட்காட்டிப்படி பாதைகள் திறந்திருக்கும். 1868 மீட்டர் உயரமுள்ள அதே பொதிகைக்குக் கேரளத்துப் போனக்காடு வழியாக ஜனவரி, பிப்ரவரியில் ஆட்களை ஏற்றுகிறார்கள். அது ஈரமான பக்கம் என்பது எனக்குத் தெரியும். சரிவுக்குச் சரிவு, காட்டுக்குக் காடு பார்த்து முடிவு செய்ய இயலும் என்பதற்காகவே அதைச் சொல்கிறேன். புல்லின் ஈரத்தைப் பார்த்துக் கோடு போடுகிறவர்கள் பாதைக்கும் அதே கணக்கைப் பார்க்கலாமே.

இன்னொன்றும் உண்டு. தீயே கூடாது என்று பல்லாண்டுக் காலம் காத்த காடுகளில் என்ன ஆயிற்று என்று பார்க்க வேண்டும். கர்நாடகத்தின் பிலிகிரிரங்கன் மலையில் சோளகர் பழங்குடியினர் கோடைத் தொடக்கத்தில் சருகை மட்டும் எரித்துவிடும் வழக்கம் வைத்திருந்தார்கள். 1974-இல் சரணாலயம் ஆன பிறகு அது நின்றுபோயிற்று. உண்ணிச்செடி என்னும் அயல்நாட்டுப் புதர் காட்டை மூடிக்கொண்டதற்கும், நெல்லி மரங்களில் புல்லுருவி பெருகியதற்கும் அதுவே காரணம் என்று அந்த மக்கள் சொல்லி வருகிறார்கள். மயிலாறு, சேர்வலாறு, இஞ்சிக்குழியில் இருக்கும் காணிப் பழங்குடி மக்களுக்கு நம் மலையின் தீயைப் பற்றித் தெரிந்ததை யாராவது உட்கார்ந்து கேட்டு எழுதியிருக்கிறார்களா என்பதே என் கேள்வி.

கல்லிடைக் கலை எழுதியது:

கல்லிடைக்குறிச்சியில் பிறந்து இப்போது கலிபோர்னியாவில் இருக்கிறேன். இங்கே யோசெமிட்டி தேசியப் பூங்காவில் நடப்பவர்களும் ஏறத்தாழ இதே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். அங்கே 1970 முதல் பூங்கா நிர்வாகமே திட்டமிட்டுத் தீ வைத்து வருகிறது. நான் போன ஓர் இலையுதிர் காலத்தில், "திட்டமிட்ட தீ, தகவல் தெரிவிக்க வேண்டாம்" என்று சாலையோரம் பலகை வைத்திருந்தார்கள். அதற்குப் பின்னால் அடிமரங்களுக்கிடையே புகை தவழ்ந்துகொண்டிருந்தது. விடுமுறைக்கு வந்து பள்ளத்தாக்கின் பாறைகள் புகையில் மறைந்துவிட்டனவே என்று என்னோடு வந்தவர்கள் நொந்துகொண்டார்கள். நானும் நொந்துகொண்டேன், மறைக்கவில்லை. 2022 ஜூலையில் மாரிபோசா தோப்புக்கு அருகில் பெருந்தீ மூண்டபோது, முன்பே எரித்துச் சருகைக் குறைத்து வைத்திருந்ததால்தான் அந்தப் பெரிய செக்கோயா மரங்கள் தப்பின என்று சொன்னார்கள்.

ஆனால் இதை நம் மலைக்கு அப்படியே பொருத்திவிடக் கூடாது. செக்கோயாவுக்குத் தீ வேண்டும். அதன் காய் வெப்பத்தில்தான் நன்றாக வெடித்து விதையை உதிர்க்கும், பட்டையோ ஒரு முழத்துக்கும் மேல் தடிமன் வரும். முண்டந்துறையின் வேங்கையும் தேக்கும் ஓரளவு தீயைத் தாங்கும். அதற்கு மேலே உள்ள பசுமைமாறாக் காட்டு மரங்களுக்கு மெல்லிய பட்டைதான். தரையோடு ஒருமுறை தீ ஊர்ந்து போனாலே ஓரத்து மரங்கள் பட்டுப்போகும், அந்த இடத்தில் புல் ஏறும், அடுத்த முறை தீ இன்னும் உள்ளே போகும். ஆகவே பொருநைக்கரையான் கேட்பது போன்ற சருகுத்தீயைக் கீழ்க்காட்டில் பேசலாம். மேலே பேச முடியாது என்றே கருதுகிறேன்.

குறுங்குடியாள் எழுதியது:

மலையேறுகிறவர்களைப் பற்றியே பேசுகிறீர்கள். மலைநம்பி கோயிலுக்கு நடப்பவர்களும் புலிகள் காப்பகத்துக்குள்தான் நடக்கிறோம். கற்பூரம், பீடி, பொங்கல் வைத்த அடுப்பின் தணல், இவற்றை அணைத்துவிட்டோம் என்று நினைத்து அணைக்காமல் வந்தவர்களை நானே கண்டிருக்கிறேன். ஒருமுறை ஆற்றங்கரைப் பாறை இடுக்கில் முந்தின நாள் அடுப்பின் சாம்பலைக் கையால் தொட்ட என் அக்காள் மகனுக்கு விரல் கொப்பளித்துவிட்டது. தண்ணீர் பத்தடித் தொலைவில் ஓடுகிறது; ஒரு குடம் மொண்டு ஊற்ற ஆளில்லை. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 30-ஆம் பிரிவு சரணாலயத்துக்கு ஆபத்தாகும்படி தீ மூட்டுவதையும், எரியும் தீயை அப்படியே விட்டுவிட்டு வருவதையும் தடை செய்கிறது. அந்தப் பிரிவு தீப்பெட்டியோடு போன ஆறு பேருக்கு மட்டும் உரியது அன்று.

பாளை நடையன் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. எங்கள் குழுவில் சினந்து பேசியவன் நானே என்பதை இப்போது சொல்லிவிடுகிறேன். பாதை அடைப்பின் தேதியைப் பற்றிய குறை எனக்கு இன்னும் தீரவில்லை. பொருநைக்கரையான் சொன்னதே சரியென்று படுகிறது. களக்காட்டு அண்ணாச்சியிடம் ஒன்று கேட்க வேண்டும். அடுத்த மார்கழி, தை வாக்கில் கோடு அறுக்கும் வேலைக்கு எங்களைப் போன்றவர்கள் தன்னார்வலராக வர வழி இருக்கிறதா?

களக்காட்டான் எழுதியது:

எரிக்கும் இடத்துக்கு விட மாட்டார்கள், விடவும் கூடாது. அறுத்துப் போடவும் சருகு கூட்டவும் ஆள் எப்போதும் பற்றாக்குறைதான் என்பதால், கார்த்திகையிலேயே வனச்சரக அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வையுங்கள். அனுமதித்தால் நீங்கள் மலையேறப் போட்டு வரும் அந்த வழவழப்பான பாலியஸ்டர் சட்டை வேண்டாம். ஒரு பொறி பட்டால் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். முழுக்கைப் பருத்திச் சட்டை, தோல் செருப்புக்குப் பதில் மூடிய காலணி, தலைக்கு ஈரத் துண்டு. அரிவாள் அங்கேயே தருவார்கள், பிடி சற்று ஆடும், துணியைச் சுற்றிக்கொள்ளுங்கள்.