'பாட்டில்நெக்' (bottleneck, சாலையில் வண்டிகளைத் தேக்கும் இடம்) என்பதற்குச் சொல்: தேக்குமுனை?

கலைச்சொல் பட்டியலுக்காக மண்டபத்திலிருந்து தொண்டிக்கு எழுதியது. மேற்கோள் வரிகள் தொண்டி அம்மாவுடையவை.

> 'குறுகல்' போதுமே, ஐயா. எல்லோருக்கும் புரியும்.

புரியும், ஆனால் தவறாகப் புரியும். நம் பாம்பன் சாலைப் பாலத்தையே பாருங்கள். மண்டபம் பக்கம் இரண்டு தடம், பாலத்திலும் இரண்டு தடம். எங்கும் குறுகவில்லை. கடலையும் ரயில் தூக்குப்பாலத்தையும் வேடிக்கை பார்க்க நாலு கார்கள் ஓரங்கட்டினால் போதும், பின்னால் வரிசை நீண்டுவிடும். குறைந்தது சாலையின் அகலமன்று. மணிக்கு எத்தனை வண்டிகள் கடக்கலாம் என்ற அளவு.

1969இல் பொருளியலாளர் வில்லியம் விக்ரி எழுதிய நெரிசல் மாதிரியிலும் (model) அகலம் என்ற பேச்சே கிடையாது. ஓரிடத்தில் மணிக்கு இவ்வளவுதான் என்றொரு வரம்பு. வருகை அதை மிஞ்சினால் மிச்சம் வரிசையாகிறது. அமெரிக்க நகரங்களின் அதிவேகச் சாலைகளில் அந்த வரம்பு ஒரு தடத்துக்கு ஏறத்தாழ 2000 கார்கள். வரிசையில் காத்திருப்பதா, சீக்கிரமே போய்ச் சும்மா உட்கார்ந்திருப்பதா, தாமதமாகப் போய்ப் பேச்சு வாங்குவதா என்று ஒவ்வொருவரும் கணக்குப் போட்டுப் புறப்படுகிறார். வரிசை எப்போது வளரும், எப்போது கரையும் என்பதெல்லாம் அந்தக் கணக்கிலிருந்தே வருகிறது. நேரத்துக்கு நேரம் மாறும் சுங்கம் விதித்தால் வரிசையையே ஒழிக்கலாம் என்று மாதிரி காட்டுகிறது. (ஆடி அமாவாசைக்கு இது பாதிதான் செல்லும். அக்னி தீர்த்தத்தில் முழுகுகிறவரை, சுங்கம் குறைவு, நாளைக்கு வாருங்கள் என்று சொல்லிப் பாருங்கள்!)

> 'மடை' எப்படி? கண்மாய்ச் சீமையின் சொல்.

எனக்கும் ஆசைதான். ஆனால் கண்மாயில் நீர்மட்டம் ஏற ஏற மடை வேகமாகப் பாயும். சாலையில் நேர்மாறு: வரிசை உருவானபின் கடந்துபோகும் வண்டிகள் சற்றுக் குறைகின்றன. மடை என்று படிக்கும் மாணவர் தலைகீழாகப் புரிந்துகொள்வார்.

என் பரிந்துரை 'தேக்குமுனை'. தேங்குபவை வண்டிகள், தேக்குவது அந்த இடம். வரிசையின் தலைமாட்டில் இருப்பதால் முனை. மணிக்கு இவ்வளவுதான் என்ற அந்த வரம்புக்கு (capacity) 'கொள்திறன்' என்பதையும் விடுங்கள், அது குடத்துக்குரியது. சாலைக்குக் 'கடத்துதிறன்' என்போம்.

தொண்டியிலிருந்து மறுமொழி:

தேக்குமுனைக்குச் சம்மதம். கடத்துதிறன் வேண்டாம், ஐயா. இயற்பியலார் மின்சாரத்துக்கு அதை எடுத்துக்கொண்டுவிட்டார்கள். நம் கரையோரத்தில் கடத்தல் என்றால் பொருளே வேறு. 'விடுதிறன்' எனலாம். மணிக்கு எத்தனை வண்டிகளை விடுகிறது என்பது நேரே விளங்கும்.

மண்டபத்திலிருந்து:

விடுதிறனே இருக்கட்டும், அம்மா. இரண்டையும் பட்டியலில் சேர்த்துவிடுகிறேன்.