கென்யா சென்சஸ் நுண்தரவு: எடையைக் கூட்டினால் மக்கள்தொகை 384 கோடி வருகிறது. எங்கே தப்பு?

முகில்_ஆய்வு எழுதியது:

வணக்கம். மூன்று நாளாக ஒரே இடத்தில் நிற்கிறேன். தெரிந்தவர்கள் பார்த்துச் சொல்லுங்கள்.

முனைவர் பட்ட ஆய்வுக்காக மின்னசோட்டா பல்கலைக்கழகத்தின் ஐபம்ஸ் இன்டர்நேஷனல் என்ற பன்னாட்டுச் சென்சஸ் தரவுத் தொகுப்பில் இருந்து கென்யாவின் 1999, 2009 சென்சஸ் மாதிரிகளை (நுண்தரவு, அதாவது ஆளுக்கு ஒரு வரி) இறக்கியிருக்கிறேன். முதல் அத்தியாயம் பெண்களின் படிப்பும் அவர்கள் பெற்ற பிள்ளைகளின் எண்ணிக்கையும். இரண்டாவது, தாயின் படிப்பும் பிள்ளை பள்ளிக்குப் போவதும்.

'டாட்' கோப்பு வந்தது. எக்செலில் திறந்தால் ஒவ்வொரு வரியும் ஒரே நீள எண்ணாக இருக்கிறது, கடைசி இலக்கங்கள் எல்லாம் பூஜ்யம், 10,48,576 வரிக்கு மேல் ஏறவும் இல்லை. சரி என்று பைத்தானுக்குப் போனேன். எந்த எழுத்திலிருந்து எந்த எழுத்து வரை எந்த மாறி என்று கோட்புக்கை (மாறிகளின் விளக்கக் குறிப்பை) பார்த்துக் கையால் எழுதி, பாண்டாஸ் என்ற பைத்தான் தொகுப்பில் படித்தேன். வயது, பாலினம் எல்லாம் ஒழுங்காகப் பிரிந்துவிட்டது.

ஆனால் 2009-க்கு 'பெர்வெயிட்' என்ற எடையை (மாதிரியில் உள்ள ஒருவர் எத்தனை பேருக்குச் சமம் என்ற எண்ணை) கூட்டினால் 384 கோடி வருகிறது. அந்த ஆண்டு கென்யாவின் மக்கள்தொகை 3.86 கோடி! பிள்ளைகளின் சராசரியும் நம்பும்படி இல்லை. தாயின் வரியைப் பிள்ளையின் வரியோடு இணைத்தால் வரிகள் பெருகி, 8 ஜிபி மடிக்கணினி அப்படியே நின்றுவிடுகிறது.

இன்னொன்று. என் தோழிக்கும் இதே தரவு வேண்டுமாம். கூகுள் டிரைவில் ஏற்றி இங்கேயே இணைப்பு தரட்டுமா? பார்க்கிறவர்களுக்கும் வசதியாக இருக்கும்.

வைகைக்கரை:

384 கோடியை 100-ஆல் வகுத்துப் பாருங்கள். 3.84 கோடி. விடை அதுதான்.

அந்தக் கோப்பில் தசமப் புள்ளி எழுதப்பட்டிருக்காது. கடைசி இரண்டு இலக்கமும் தசமம் என்று வைத்துக்கொள்ள வேண்டும். 2009 மாதிரி 10 சதவீதம், ஆகவே ஒருவர் 10 பேருக்குச் சமம். அது கோப்பில் 1000 என்று கிடக்கும். நீங்கள் அதை ஆயிரம் என்றே படித்துவிட்டீர்கள். வீட்டு எடைக்கும் இதே கதை.

தரவோடு ஓர் எக்ஸ்எம்எல் கோப்பும் வந்திருக்குமே, அதை நோட்பேடில் திறந்து பெர்வெயிட் என்று தேடுங்கள். அந்த வரியிலேயே தசமம் 2 என்று குறித்திருக்கும். ஸ்டேட்டா என்ற புள்ளியியல் மென்பொருளுக்குத் தரும் கட்டளைக் கோப்பிலும் 100-ஆல் வகுக்கும் வரி இருக்கிறது. கையால் எழுதிப் படித்ததில்தான் அது விட்டுப்போயிற்று. பைத்தானில் 'ஐபம்ஸ்பை', ஆர் மொழியில் 'ஐபம்ஸ்ஆர்' என்று தனித் தொகுப்புகள் உண்டு. எக்ஸ்எம்எல்லைக் காட்டினால் இடம், தசமம், ஒவ்வொரு எண்ணின் பொருள் எல்லாவற்றையும் அவையே எடுத்துக்கொள்ளும்.

எக்செல் பக்கமே போகாதீர்கள். 15 இலக்கத்துக்கு மேல் போனால் மிச்சத்தைப் பூஜ்யமாக்கிவிடும். தெரியாமல் சேமித்திருந்தால் அந்தக் கோப்பை அழித்துவிட்டு மறுபடி இறக்குங்கள்.

முகில்_ஆய்வு:

அண்ணா, சரியாக வந்துவிட்டது! மிக்க நன்றி. ஆனால் 3.84-தான், 3.86 இல்லை. ஏதாவது விட்டுப்போயிருக்குமா?

வைகைக்கரை:

எதுவும் விட்டுப்போகவில்லை. மாதிரியை எடை போட்டுக் கூட்டினால் அச்சான எண்ணின் பக்கத்தில் நிற்கும், அதே எண்ணாக நிற்காது. அந்த 2 லட்சத்தை இழுத்துப் பொருத்த முயல வேண்டாம்.

அதைவிடக் கவனிக்க வேண்டியது வேறு. 2010 ஆகஸ்டில் முடிவுகளை வெளியிட்டபோது துர்கானா, மண்டேரா உள்ளிட்ட 8 வடபகுதி மாவட்டங்களின் எண்ணிக்கையைக் கென்ய அரசே ஏற்க மறுத்தது. இயல்பான வளர்ச்சியால் அவ்வளவு கூடியிருக்க முடியாது என்பது காரணம். வடபகுதியைத் தனியாகப் பேசுகிற பத்தி உங்கள் ஆய்வில் இருந்தால், இதைச் சொல்லாமல் பேச முடியாது.

கணக்கு_அக்கா:

சராசரி ஏன் கெட்டது என்று பார்த்தேன், முகில். தரவில் ஐந்து வயதுப் பையன் ஒருவனை எடுத்து அவனுடைய 'சிஎச்பார்ன்' (பெற்ற பிள்ளைகளின் எண்ணிக்கை) மதிப்பைப் பாருங்கள். 99 இருக்கும். அவன் 99 பிள்ளை பெற்றவன் என்று உங்கள் ஸ்கிரிப்ட் எடுத்துக்கொண்டது.

99 என்றால் இந்தக் கேள்வி இவருக்கு உரியதல்ல. 98 என்றால் விடை தெரியவில்லை. ஆண்கள், சிறுமிகள் எல்லாருக்கும் 99 விழும். பெண்களை மட்டும் பிரித்து எடுத்தாலும் 98 உள்ளே நின்று சராசரியைத் தூக்கிவிடும். கல்வித் தகுதி மாறியில் 0 என்பது படிக்காதவர் இல்லை, கேள்வி கேட்கப்படாதவர். அங்கே 9-தான் தெரியாதது. வயதில் தெரியாதது 999. மாறிக்கு மாறி இது வேறுபடும், ஆகவே எல்லாவற்றுக்கும் ஒரே விதி எழுதிவிடாதீர்கள். எந்தக் கணக்கும் போடுவதற்கு முன் எடை போடாத எளிய எண்ணிக்கை அட்டவணை ஒன்றை மாறிவாரியாக எடுத்துக் கோட்புக்கோடு ஒப்பிடுங்கள். எனக்கு ஒரு மாறிக்கு இரண்டு நிமிடம்கூட ஆவதில்லை.

வரிகள் பெருகியதற்கும் காரணம் சொல்கிறேன். எதை வைத்து இணைத்தீர்கள்?

முகில்_ஆய்வு:

'சீரியல்' என்ற வீட்டு எண், அக்கா. அப்புறம் பிள்ளையின் 'மாம்லாக்' (வீட்டில் தாயின் வரிசை எண்), தாயின் 'பெர்நம்' (வீட்டில் அவரவர் வரிசை எண்).

கணக்கு_அக்கா:

அங்கேதான் சிக்கல். வீட்டு எண் ஒரு மாதிரிக்குள் மட்டும்தான் தனித்தன்மை உள்ளது. 1999-லும் ஒரு 1000-ஆம் வீடு உண்டு, 2009-லும் ஒரு 1000-ஆம் வீடு உண்டு. இரண்டுக்கும் சம்பந்தமே கிடையாது. நீங்கள் 2009-ல் எண்ணப்பட்ட பிள்ளைக்கு 1999-ல் எண்ணப்பட்ட வேறு வீட்டுப் பெண்ணையும் தாயாக்கிவிட்டீர்கள். எந்த ஆண்டின் மாதிரி என்று சொல்லும் 'சாம்பிள்' மாறியையும் சேர்த்து மூன்றையும் வைத்து இணையுங்கள். மாம்லாக் 0 என்றால் தாய் அந்த வீட்டில் இல்லை என்று பொருள், அவர்களை முதலிலேயே ஒதுக்கிவிடுங்கள். பாண்டாஸில் இணைக்கும்போது 'வேலிடேட்' என்ற இடத்தில் பலருக்கு ஒன்று என்று கொடுத்தால், ஒரு பிள்ளைக்கு இரண்டு தாய் வந்த நிமிடமே பிழை காட்டி நின்றுவிடும். மடிக்கணினி தொங்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

உண்மையில் கையால் இணைக்கவே தேவையில்லை. தரவு கேட்கும்போதே தாயின் கல்வியைப் பிள்ளையின் வரியில் ஒட்டித் தா என்று கேட்கும் வசதி அங்கேயே இருக்கிறது.

ஆனால் ஒன்றை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். இப்படிக் கிடைப்பது தாயோடு ஒரே வீட்டில் எண்ணப்பட்ட பிள்ளைகள் மட்டும். பாட்டி வீட்டில் வளர்கிறவர்கள், விடுதியில் இருக்கிறவர்கள், தாயை இழந்தவர்கள் எல்லாரும் விழுந்துவிடுவார்கள். பள்ளிக்குப் போவதைப் பற்றிய அத்தியாயத்தில் இவர்களைத்தான் முதலில் நினைக்க வேண்டும். எத்தனை பேர் விழுந்தார்கள், எந்த வயதில் என்று ஓர் அட்டவணை போடுங்கள். மாம்லாக் காட்டுவது சில இடங்களில் மாற்றாந்தாயாகவும் இருக்கும். அதற்கு 'ஸ்டெப்மாம்' என்று தனி மாறி உண்டு.

நிரலன்:

8 ஜிபிக்கு ஒரு யோசனை. வேண்டிய 12, 15 மாறிகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள். 2009 மட்டும் 38 லட்சம் வரி. ஐபம்ஸ்பையில் துண்டு துண்டாகப் படிக்கும் வழி உண்டு. ஒவ்வொரு துண்டையும் பார்க்கே என்ற சுருக்க வடிவக் கோப்பாக எழுதிவிட்டு, டக்டிபி என்ற தரவுத்தளத்தில் வைத்துக் கேள்வி கேளுங்கள். முழுவதையும் நினைவகத்தில் ஏற்றவே வேண்டாம்.

ஒரு சந்தேகம் எனக்கும். ஏன் கென்யா? தமிழ்நாட்டுச் சென்சஸை எடுத்திருக்கலாமே?

முகில்_ஆய்வு:

ஐபம்ஸில் இந்தியா என்று இருப்பது சென்சஸ் இல்லை அண்ணா. தேசிய மாதிரி ஆய்வின் வேலைவாய்ப்புச் சுற்றுகள், 1983, 1987 என்று தொடங்கி. எனக்குச் சென்சஸ்தான் வேண்டும், ஒரே நாட்டின் இரண்டு சென்சஸ்.

கணக்கு_அக்கா:

டிரைவ் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. தயவு செய்து ஏற்றாதீர்கள். ஏற்றியிருந்தால் இப்போதே எடுத்துவிடுங்கள்.

விண்ணப்பம் போட்டபோது ஒப்புக்கொண்ட விதிகளைத் திரும்பப் படியுங்கள். ஆய்வுக்கும் கற்பித்தலுக்கும் மட்டும், யாரையும் அடையாளம் காண முயலக்கூடாது, அனுமதி இல்லாமல் மறுபடி பகிரக்கூடாது. நாடுகளின் புள்ளியியல் அலுவலகங்கள் இந்த வாக்குறுதியை நம்பித்தான் தரவைத் தருகின்றன. பெயர் இல்லையே என்று தோன்றும். ஒரு சின்ன மாவட்டத்தில் 97 வயது விதவை, 11 பிள்ளை பெற்றவர் என்று ஒரு வரி இருந்தால் அந்த ஊருக்குப் பெயர் எதற்கு? அதனால்தான் வெளியிடும் முன்பே சில வீடுகளை மாவட்டம் மாற்றி வைக்கிறார்கள், வரிசையைக் கலைக்கிறார்கள், 20,000 பேருக்குக் குறைந்த பகுதிகளை அடுத்ததோடு சேர்க்கிறார்கள். இவ்வளவு வேலை செய்து காத்ததை நாம் ஒரு திறந்த இணைப்பில் போட்டுவிடக் கூடாது.

தோழிக்குத் தர வேண்டியது தரவு இல்லை, தரவு கேட்ட விதம். எந்த மாதிரி, எந்த மாறிகள் என்பதை ஐபம்ஸ்ஆர் ஜேசன் என்ற வடிவில் ஒரு சிறு உரைக் கோப்பாகச் சேமித்துத் தரும், நாலைந்து கேபிதான். அவர் தனக்கென்று கணக்குத் தொடங்கி, அனுமதி வந்ததும் தன் ஏபிஐ சாவியோடு (நிரல் வழியாகத் தரவு கேட்பதற்கான தனிக் குறியீடு) அதை ஓட்டினால் அதே தரவு கிடைக்கும். ஸ்கிரிப்டையும் ஜேசனையும் கிட்ஹப் என்ற நிரல் பகிரும் தளத்தில் தாராளமாக வையுங்கள்.

கடலோடி:

குறுக்கே வந்ததற்கு மன்னிக்கவும். நாங்கள் ராமநாதபுரம் பக்கம் ஒரு மீனவ ஊரில் 400 வீடுகளில் கணக்கெடுத்தோம். பெயர், போன் நம்பரை எடுத்துவிட்டால் அதை வெளியிடலாமா அக்கா?

கணக்கு_அக்கா:

போதாது, தம்பி. அந்த ஊரில் நர்ஸ் வேலை பார்க்கிறவர் ஒரே ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 34 வயது, இரண்டு பெண் பிள்ளைகள், கணவர் வளைகுடாவில். டீக்கடையில் நிற்கிற யாரும் ஆளைச் சொல்லிவிடுவார்கள். அவருடைய கடன் தொகையும் அதே வரியில் இருக்கும்.

ஆர் மொழியில் 'எஸ்டிசி மைக்ரோ' என்ற தொகுப்பு இதற்கென்றே இருக்கிறது. கட்டளை தெரியாவிட்டாலும் பொத்தான் அழுத்தி வேலை செய்யும் திரை உண்டு. வயது, தொழில், சாதி, குடும்ப அளவு என்று வெளியாள் அறியக்கூடியவற்றைக் கொடுத்தால், அந்தச் சேர்க்கையில் தனியாக நிற்கும் வரிகள் எத்தனை என்று சொல்லும். வயதை ஐந்தைந்தாகத் தொகுங்கள், தொழிலை நாலு பிரிவாக்குங்கள், அப்படியும் தனியாக நிற்பதை மறையுங்கள். ஊர்ப் பெயரை மாவட்டம் அளவுக்கு ஏற்றுங்கள். 400 வீடு என்பது மிகச் சின்னது, அதனால் கடைசியில் அட்டவணைகளை மட்டும் வெளியிடுவதே சரி என்றுகூட முடிவாகலாம். நுண்தரவைத் தருவதாக இருந்தால் கேள்வித்தாளையும் மாறி விளக்கத்தையும் டிடிஐ என்ற தரவு விளக்க வடிவில் எழுதி, கேட்பவர்களிடம் ஒப்பந்தம் வாங்கிக்கொண்டு கொடுங்கள். உலக வங்கியின் 'நாடா' என்ற தரவுப் பட்டியல் மென்பொருள் அந்த வேலைக்குத்தான்.

முகில்_ஆய்வு:

டிரைவில் பாதி ஏறியிருந்தது, அக்கா. எடுத்துவிட்டேன். மூன்றையும் வைத்து இணைத்ததில் பிள்ளைகளின் வரி எத்தனையோ அத்தனைதான் வந்தது, ஒன்றுகூடக் கூடவில்லை. 98, 99 போனதும் சராசரியும் கென்ய அறிக்கையின் அட்டவணைக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. தாய் இல்லாத வீட்டுப் பிள்ளைகளுக்குத் தனி அட்டவணை போட்டுக்கொண்டிருக்கிறேன். 14 வயதுக்கு மேல் அந்தப் பங்கு வேகமாக ஏறுகிறது, அதை அத்தியாயத்தின் முதல் பகுதியாகவே வைக்கப் போகிறேன். தோழி இன்று விண்ணப்பம் போட்டுவிட்டாள். ஜேசன் கோப்பை அவளுக்கு அனுப்பிவிட்டேன்.