அலமேலு: மங்கை உதிர்ந்த பெயரை என்னவென்று சொல்வது?

நண்பர்களுக்கு வணக்கம்.

ஒரு பகுதி உதிர்ந்து மீதி மட்டும் நிற்கிற ஆட்பெயர்களைக் குறிக்கச் 'சுருக்கப்பெயர்' என்ற சொல்லே போதும் என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு அது போதவில்லை. காரணம் என் அத்தையின் பெயர், அலமேலு.

திருவாய்மொழியில் நம்மாழ்வார் "அகலகில்லேன் இறையும் என்று அலர்மேல் மங்கை உறை மார்பா" என்கிறார். அலர் என்றால் விரிந்த பூ, இங்கே தாமரை. அதன்மேல் வீற்றிருக்கும் மங்கை திருமகள். 'அலர்மேல்' நடுவில் இருந்த 'ர்' போய், பேச்சில் பால் 'பாலு' ஆவதுபோல உகரம் ஏற்று 'அலமேலு' ஆயிற்று. இதுவரை மரூஉதான், அதாவது வழக்கில் சிதைந்து மருவிய வடிவம்; புதுச்சேரி புதுவை ஆனதற்குப் பக்கத்தில் வைக்கலாம். சரி, மங்கை எங்கே போனாள்? 15ஆம் நூற்றாண்டில் அன்னமாச்சாரியார் தெலுங்கில் 'அலமேலுமங்க' என்று பாடும்போதும் அவள் கூடவே இருக்கிறாள். நம் வீட்டு வழக்கில் அவள் இல்லை. 'பூவின்மேல்' என்ற அடைமொழி மட்டும் ஓர் ஆளின் பெயராக நிற்கிறது. 'மேல்' என்ற வேற்றுமைச் சொல்லுருபில் முடிகிற பெண்பெயர்! இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

அன்மொழித்தொகை என்று சொல்லலாமே என்று ஒருவர் கேட்டார். பொருந்தாது. அன்மொழித்தொகை தன்னிடம் இல்லாத ஒரு சொல்லின் பொருளைத் தருவது. 'பொற்றொடி வந்தாள்' என்றால் பொன் வளையல் அணிந்த பெண் வந்தாள்; அதில் 'பெண்' என்ற சொல் முதலிலிருந்தே வெளியில் இருக்கிறது. மங்கையோ உள்ளே இருந்து உதிர்ந்தவள்.

முதலில் 'உதிர்பெயர்' என்று வைத்துப் பார்த்தேன். அது விழுந்த மங்கையைக் குறிக்குமே தவிர, நிற்கிற அலமேலுவை அல்ல. 'எச்சப்பெயர்' என்றால் பெயரெச்சத்தோடு குழம்பும். அதனால் 'எஞ்சுபெயர்' என்று முன்மொழிகிறேன். 'ஆகுபெயர்' என்ற சொல்லைப் போலவே இதுவும் வினைத்தொகை, காலம் காட்டாத வினையோடு பெயர் சேர்ந்தது; பள்ளியில் இலக்கணம் படித்த யாருக்கும் உடனே பிடிபடும்.

இதற்கு ஓர் எல்லை வேண்டும். கடலூரை ஒட்டிய திருவந்திபுரத்தில் பெருமாள் கோயில் தாயாரின் பெயர் செங்கமலத் தாயார். அவரை நினைத்துப் பிள்ளைக்குச் செங்கமலம் என்று பெயர் வைப்பதுண்டு. 'தாயார்' உதிர்ந்ததால் இதுவும் எஞ்சுபெயர் என்று சேர்த்துவிடக் கூடாது. செங்கமலம் தனியாகவே பெயர்ச்சொல், தாமரை போன்றவளைக் குறிக்கும் உவமையாகுபெயராகவும் நிற்கும். எஞ்சிய பகுதி இயல்பாகப் பெயர்ச்சொல்லாக நிற்க முடியாததாக இருந்தால் மட்டுமே எஞ்சுபெயர் என்று வரையறுப்போம்.

அப்புறம், மஞ்சக்குப்பத்தில் அத்தையை எல்லோரும் 'அலமு' என்றுதான் கூப்பிடுவார்கள். அது வேறு கணக்கு. அங்கே நீங்கள் சொன்ன சுருக்கப்பெயர் தாராளமாகப் பொருந்தும்.

உங்கள் ஊர்ப் பக்கம் இந்த வரையறைக்குள் வரும் பெயர்கள் வேறு இருந்தால் எழுதுங்கள்.