ஆய்வுக் கருவிக்கான சுங்கச் சலுகை: சான்றிதழும் இன்வாய்ஸும் ஒத்துப்போகாவிட்டால்?

கேள்வி – உதவிப் பேராசிரியர், வேதியியல் துறை, சென்னை (ஜனவரி 2023)

வணக்கம். ஜப்பானிலிருந்து நாங்கள் வரவழைத்த ஸ்பெக்ட்ரோபுளோரோமீட்டர் (பொருள்கள் உமிழும் ஒளியை அளக்கும் கருவி) நான்கு நாட்களாக மீனம்பாக்கம் விமானச் சரக்கு முனையத்தில் கிடக்கிறது. சுங்கச் சலுகை பெறுவதற்காகப் பதிவாளர் கையொப்பமிட்ட ஆய்வுப் பயன்பாட்டுச் சான்றிதழில் "ஸ்பெக்ட்ரோமீட்டர் – ஒன்று" என்று ஒரே வரிதான் இருக்கிறது. இன்வாய்ஸிலோ கருவி, செனான் விளக்குகள் இரண்டு, மாதிரிக் குப்பியைத் தாங்கும் செல் ஹோல்டர் என மூன்று வரிகள். இரண்டும் பொருந்தவில்லை என்று சுங்கத்துறை வினா எழுப்பியுள்ளது. பதிவாளரோ வெளியூர் சென்றிருக்கிறார், திங்கட்கிழமைதான் திரும்புவார்.

இன்னொரு கவலையும் உண்டு. 2021-இல் நிதி கேட்டு எழுதியபோது, 20 லட்சம் ரூபாய் மதிப்புள்ள இக்கருவிக்கு வரியாக இரண்டேகால் லட்சம் ஒதுக்கினேன். சுங்க முகவர் இப்போது ஏறத்தாழ ஐந்து லட்சம் ஆகும் என்கிறார். அவர் சொல்வது சரிதானா? முனைவர் பட்டத்தின் கடைசி ஆண்டில் இருக்கும் மாணவி ஒருவர் இக்கருவிக்காகவே காத்திருக்கிறார்.

பதில் – கொள்முதல் பிரிவு அலுவலர்

முகவர் சொல்வது சரி. இச்சலுகைக்கு அடிப்படை 1996 ஜூலை 23 அன்று வெளியான 51/96 எண் சுங்க அறிவிக்கை. டி.எஸ்.ஐ.ஆரில் (மத்திய அரசின் அறிவியல், தொழில் ஆய்வுத் துறையில்) பதிவுபெற்ற பல்கலைக்கழகம் ஆய்வுக்கென்று மட்டும் வரவழைக்கும் கருவிக்கு அடிப்படைச் சுங்கவரி 5 சதவீதமே. அதன்மேல் சமூகநலக் கூடுதல் வரி சேர்ந்து 5.5 சதவீதம் ஆகிறது. வளாகத்தில் இதை "டியூட்டி ஃப்ரீ" என்று சொல்லிச் சொல்லியே பலரும் வரியே கிடையாது என்று நம்பிவிடுகிறார்கள்.

மாறியது ஐ.ஜி.எஸ்.டி., அதாவது இறக்குமதிக்கும் விதிக்கப்படும் ஒருங்கிணைந்த சரக்கு, சேவை வரி. 2017 நவம்பர் முதல் ஆய்வுக் கருவிகளுக்கு அது 5 சதவீதமாக இருந்தது. அந்தச் சலுகை 2022 ஜூலை 18 முதல் விலக்கிக்கொள்ளப்பட்டதால் இப்போது 18 சதவீதம். உங்கள் 20 லட்சத்துக்கு முன்பு மொத்த வரி 2,15,500 ரூபாய்; இன்று 4,89,800 ரூபாய். இந்த இடைவெளியை நிதி வழங்கும் அமைப்புக்கு, இரண்டு கணக்குகளையும் அருகருகே வைத்து, உடனே எழுதித் தெரிவியுங்கள்.

பதில் – சுங்க முகவர், ராஜாஜி சாலை

மீனம்பாக்கத்துக்கு நேரில் போய் நிற்பதால் பயனில்லை. முகமறியா மதிப்பீட்டு முறை 2020 ஜூன் 8 அன்று சென்னையிலும் பெங்களூரிலும்தான் முதலில் தொடங்கியது. இப்போது உங்கள் பில் ஆஃப் என்ட்ரியை (சுங்கத்தில் தாக்கல் செய்யும் இறக்குமதிப் படிவத்தை) பார்க்கும் அதிகாரி வேறு ஊரில் இருக்கலாம். பதிலையும் ஆவணங்களையும் இணையவழியில்தான் ஏற்ற வேண்டும்.

துணைக் கருவிகளும் உதிரிப் பாகங்களும் அந்த அறிவிக்கையிலேயே அடங்குகின்றன. ஆகவே விளக்குகளும் செல் ஹோல்டரும் தடையல்ல; அவை சான்றிதழில் எழுதப்படாததுதான் தடை. இன்வாய்ஸில் உள்ள மூன்று வரிகளையும், மாடல் எண், எண்ணிக்கை உட்பட, எழுத்துப் பிசகாமல் அப்படியே எடுத்தெழுதிப் புதிய சான்றிதழைத் தயாராக வைத்திருங்கள். திங்கள் காலை பதிவாளர் கையொப்பமிட்டதும் ஏற்றிவிடலாம்.

அதுவரை பொறுக்க இயலாதெனில், சுங்கச் சட்டத்தின் 18-ஆம் பிரிவின்படி, பிணைப்பத்திரம் கொடுத்துத் தற்காலிக மதிப்பீட்டில் கருவியை விடுவிக்கக் கேட்கலாம். முழு வரியைக் கட்டி எடுத்துவிட்டுப் பிறகு திரும்பப் பெறலாம் என்று மட்டும் எண்ண வேண்டாம். பில் ஆஃப் என்ட்ரியைப் பின்னர் திருத்த வேண்டுமானால், சரக்கு விடுவிக்கப்பட்ட நாளிலேயே இருந்த ஆவணம்தான் செல்லும்; அடுத்த வாரம் எழுதிய சான்றிதழ் உதவாது.

பதில் – பேராசிரியர், இயற்பியல்

மேலே சொன்னதில் ஒன்றில் எனக்கு மாற்றுக் கருத்து. 7.5 சதவீத அடிப்படை வரி உள்ள கருவியானால், சலுகை இல்லாமல் கட்ட வேண்டியது 5,54,700 ரூபாய். அப்படியானால் இன்று இச்சலுகையால் மிஞ்சுவது 64,900 ரூபாய்தான். கிடங்கு வாடகை அதை நெருங்குமானால், முழு வரியையும் கட்டி, பணம் திரும்பாது என்று தெரிந்தே கருவியை எடுத்துவிடுவதுதான் மாணவிக்குச் செய்யும் நியாயம். எங்கள் ஆய்வகத்துக்கு வந்த எதிர்ப்பொருள் குப்பிகள், இதேபோன்ற ஒரு சொல் பொருத்தமின்மையால், கிடங்கில் ஒன்பது நாட்கள் கிடந்தன. தெர்மாகோல் பெட்டியைத் திறந்தபோது உலர்பனி ஒரு துணுக்குகூட மிஞ்சவில்லை. லேபிள்கள் ஈரத்தில் ஊறிக் கையோடு உரிந்து வந்தன. ஓராண்டு நிதி அது.

அமெரிக்காவில் 1966-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பல்கலைக்கழகக் கருவிக்கு முழுச் சுங்கவிலக்கே கிடைக்கிறது. அதற்கு ஈடான கருவி உள்நாட்டில் தயாராகிறதா என்பதுதான் அங்கே முக்கியக் கேள்வி. நம்மிடம் கேட்கப்படுவது சான்றிதழின் வாசகம். ஆர்டர் கொடுக்கும் நாளிலேயே, புரோஃபார்மா இன்வாய்ஸை (பொருளை அனுப்பும் முன் விற்பவர் தரும் விலைப்பட்டியலை) பக்கத்தில் வைத்து அதை எழுத வேண்டும். டி.எஸ்.ஐ.ஆர். பதிவு எந்த நாள்வரை செல்லும், அறிவிக்கை இன்னும் நடப்பில் உள்ளதா என்பவற்றையும் அன்றே பார்த்துவிட வேண்டும். நிறுவிய நாளிலிருந்து ஐந்தாண்டுகளுக்குக் கருவியை விற்கவோ மாற்றிக் கொடுக்கவோ கூடாது என்பதால், நிறுவிய தேதியை இருப்புப் பதிவேட்டில் தவறாமல் குறித்து வையுங்கள்.

கேட்டவர் – செவ்வாய்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. கிடங்கு வாடகையைக் கணக்கிட்டுப் பார்த்தோம். திங்கள்வரை பொறுத்தாலும் 64,900 ரூபாயைவிட மிகக் குறைவாகவே வந்ததால் காத்திருந்தோம். மூன்று வரிகளும் கொண்ட புதிய சான்றிதழை நேற்று நண்பகலுக்குள் ஏற்றினோம். இன்று மாலை சரக்கு விடுவிக்கப்பட்டது. கூடுதல் நிதி கேட்டுக் கடிதமும் அனுப்பியிருக்கிறேன். பதில் வந்ததும் இங்கே எழுதுகிறேன்.